பிளாஸ்க் நிறைய ஐஸ்

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது ஐயா, உடனே தொண்டை கட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பட்டப்பெயர் 'ஐஸ்காரர்'. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. ஐஸ் இல்லாமல் வரும் அமோனியா சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுவேன், அதனால் வந்த பெயர்.

விசாரணைக் குழுவில் மருத்துவம் படிக்காதவர்களும் இருப்பதால் சொல்கிறேன். ரத்தத்தில் அமோனியா ஏறினால் மூளை குழம்பும். அதை அளக்க, எடுத்த ரத்தத்தை ஐஸில் புதைத்து, கால் மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே அது தானாக ஏறி, குத்துக்கல் மாதிரி இருப்பவனையும் சாகக் கிடப்பவனாகக் காட்டும்.

போன வருஷம் அப்படி ஒரு தப்பான எண்ணை நம்பி நான் வார்டுக்குப் போன் செய்துவிட்டேன். பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "நோயாளிக்கு ஒண்ணுமில்ல, இவரு மெஷினுக்குத்தான் மூளை குழம்பியிருக்கு" என்றார். கேன்டீன்காரர் வரை சிரித்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்றைக்கே 'ஐஸ் இல்லையேல் முடிவு இல்லை' என்று எழுதி, லாமினேட் செய்து, கதவில் ஒட்டினேன். அதன்பின் தப்பான அமோனியா எண் ஒன்றுகூட எங்கள் கூடத்திலிருந்து வெளியே போகவில்லை. தரச் சான்றிதழ் கொடுத்தார்கள். சரியான எண் ஏதாவது போனதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த லாரி டிரைவருக்கு நுரையீரல் மாற்றி அன்று எட்டாம் நாள். நன்றாகத் தேறி வந்தவர், திடீரென்று சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக் கியர் போட ஆரம்பித்தார். முதல் சாம்பிள் உண்மையாகவே ஐஸ் இல்லாமல்தான் வந்தது. திருப்பினேன், அதில் என்மேல் பழி சொல்ல முடியாது. இரண்டாவது ஐஸோடு வந்தது. ஐம்பதைத் தாண்டக் கூடாத இடத்தில் மெஷின் நானூறு காட்டியது. வழக்கமாகக் கல்லீரல் கெட்டால்தான் அமோனியா ஏறும், அவருடையதோ நல்ல கல்லீரல். நுரையீரல் மாற்றியவர்களுக்கு அபூர்வமாக ஒரு கிருமியால் இப்படி ஏறும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அதைப் பெரிய டாக்டரிடம் போனில் சொல்வது வேறு. 'ஐஸ் போதாது' என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாவதை அவர் மனைவியே நர்ஸோடு ஓடிவந்து கொடுத்தார். பிளாஸ்க் நிறைய ஐஸ்.

"அண்ணா, தொட்டுப் பாருங்க, கை மரத்துப்போகுது. கட்டின பொண்டாட்டியைப் பார்த்து சித்திங்கிறாரு. ஊர் வந்துடுச்சு, இறங்குன்னு கட்டில்லேர்ந்து தள்ளுறாரு. இதையும் திருப்பிடாதீங்க அண்ணா."

"விதிப்படி செய்வேம்மா. நீங்க போய் அவர் பக்கத்துல இருங்க," என்றேன்.

நர்ஸ் மட்டும் வாசலில் தயங்கி நின்றாள். "சார், இந்தத் தடவை எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருந்தா சரியா வரும்."

அறுநூற்றுப் பத்து வந்தது. அந்த நேரத்தில் டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தால் டயாலிசிஸ் செய்திருப்பார்கள், கிருமிக்கு மருந்து கொடுத்திருப்பார்கள், மனிதர் பிழைத்திருக்கலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. போனை எடுத்துப் பாதி எண்ணை அழுத்தியபோது அந்தப் பழைய சிரிப்பு காதில் கேட்டது. வைத்துவிட்டேன். மறுநாள் காலை அவர் போய்விட்டார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, நானும் பிள்ளைகுட்டிக்காரன்.

உங்கள் குற்றப்பத்திரிகையில் மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அறிக்கையில் பொய் எழுதினேன் என்ற ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். பிளாஸ்க்கில் இருந்த ஐஸை முதலில் கை கழுவும் தொட்டியில் கொட்டினேன். அதற்குப் பிறகுதான் 'ஐஸ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.