சுவரில் காய்ந்த சோறு

மார்கழிக் குளிரில் பறவைகளுக்குப் பசி அதிகம், இன்ஸ்பெக்டர் சார். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அதைக் கவனித்தவன் இந்தப் பக்தவச்சலம் ஒருவன்தான். மற்றவர்கள் கோலத்துக்குப் பூசணிப்பூ தேடிக்கொண்டிருப்பார்கள். தொண்ணூற்றொன்றில் ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆனதும் கொல்லையில் ஒரு தகரத் தட்டு வைத்தேன். மைனாவுக்குப் பொட்டுக்கடலை, தவிட்டுக்குருவிக்கு நொய், காக்கைக்குக் காராபூந்தி. ஜீவகாருண்யம் எனக்குக் கொஞ்சம் தூக்கல்.

பக்கத்து வீட்டுக் காந்திமதியும் காக்கைக்குச் சோறு வைப்பாள். அது கருணையில்லை, புருஷன் துரை மேல் பாசம். துரை செத்துப்போனதிலிருந்து அவரே காக்கையாக வருகிறார் என்று நம்பிக்கை. அவர் வாய் வைக்காமல் இவள் சாப்பிட மாட்டாள். சுவர்மேல் சோற்றை வைத்து, 'கா, கா' என்று கூப்பிட்டு, சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை விழுங்குவாள். காக்கை கொத்தியதும் உள்ளே போய்த் தட்டெடுப்பாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குட்டைச் சுவர், சார்.

போன வருஷம் என் காக்கைகள் பூந்தியை விட்டுவிட்டு அவள் பருப்புச் சோற்றுக்குப் போயின. தெருவே 'காந்திமதியம்மா கைராசி' என்றது. எனக்குப் பொறாமையே கிடையாது. வயிறு மட்டும் எரிந்தது.

இந்த மார்கழியில் தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுத் தலை வாங்கிவந்தேன். மார்கழியில் நான் கவுச்சி தொடமாட்டேன். காக்கைக்கு அந்த விரதம் இல்லையே. அவள் 'கா' என்று வாயெடுக்கும்போதெல்லாம் என் தட்டை நிரப்பினேன். ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மகன் தயாளன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கத்தினான்: "மாத்திரை போட்டுட்டு பட்டினி கெடந்தா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

எனக்கும் நன்றாகக் காதில் விழுந்தது.

மறுநாள் சுவரோரம் வந்தாள். "அண்ணா, நீங்க போடறத கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். அவர் வரவே மாட்டேங்கறார்."

"அவருக்கு உன் மேல என்ன மனக்குறையோ, நான் என்னம்மா பண்ணட்டும்?"

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த நாள் தயாளன் வேலைக்குப் போனபிறகு சோறு வைத்தாள், மாத்திரை போட்டாள், கைகூப்பி நின்றாள். வெயில் ஏறியது. சோறு காய்ந்தது. அப்படியே சுவரைப் பிடித்துச் சரிந்தாள். நான் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். சத்தம் போட்டால் பறவைகள் மிரண்டுவிடும்.

காரியத்தன்று தயாளன் அம்மாவுக்குச் சோறு வைத்தான். காக்கை வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பசியோடு காத்திருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை; என் தட்டை உள்ளே எடுத்துவிட்டேன். உடனே ஒரு காக்கை பறந்துபோய் அந்தச் சோற்றைக் கொத்தியது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காந்திமதிக்கு என் மேல் துளி வருத்தம் கிடையாது, சார். இருந்தால் வந்து சாப்பிட்டிருப்பாளா?