உப்புக் கை

உப்பளம் வைத்திருப்பவன் மழையை வேண்டிக்கொள்ள மாட்டான் சார். ஒரு மழை போதும், பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துபோகும். போன வருஷம் நான் வேண்டிக்கொண்டேன், என் மனைவியின் மீன்களுக்காக.

மரக்காணத்தில் எங்கள் தெருவில் போர் தண்ணீர் கரிக்கும். செந்தமிழ் ஆசைப்பட்ட மீன்களுக்கு அது ஆகாது. அவள் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே டீ நிறத் தண்ணீரில் ஒரு மீன் தொட்டி இருந்ததாம். பார்த்தால் காட்டு ஓடை மாதிரியே இருக்குமாம். வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்றாள். கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கொடுத்தது நான். மாடியில் டிரம் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டியை அமைத்துக் கொடுக்க வந்தவன்தான் பாலகுரு. விடுதித் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு மரவேரை ஊறவைத்து அடியில் நிறுத்தினான். பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தில் உதிர்ந்த சருகுகளைக் கழுவிப் போட்டான். கொஞ்ச நாளில் தண்ணீர் கறுத்தது. நீலமும் சிவப்புமாகப் பொடி மீன்கள். சருகுக்கு அடியில் புகுந்துகொண்டால் வெகுநேரம் கண்ணில் படாது. அவை எப்போது வெளியே வரும் என்று செந்தமிழ் கன்னத்தில் கை வைத்துக் காத்திருப்பாள். நான் உப்பளத்திலிருந்து வரும்போது அவள் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஒருநாள் சருகு ஒன்று மேலே மிதந்தது. அமுக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"உப்புக் கையோட தொடாதீங்க. மீனு செத்துடும்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பாலகுரு முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். அவள் துண்டோடு பக்கத்தில் நின்றாள். அவர்களிடம் தப்பாக எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நாலு வார்த்தை திட்டி, ஓர் அறை விட்டு, அதோடு முடிந்திருக்கும். மீனைப் பற்றிப் பேசுகிறவர்களை என்னவென்று திட்டுவது?

ஞாயிறுதோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவார்கள். டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி பக்கெட்டில் விட வேண்டும். வண்டியிலிருந்து பெட்ரோல் எடுப்போமே, அதே மாதிரிதான். ஒரு வாரம் அவன் உறிஞ்சுவான், ஒரு வாரம் அவள்.

சனிக்கிழமை சாயங்காலம் செந்தமிழ் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். மீன்களை வலையால் பிடித்து மாடி டிரம்மில் விட்டேன். அதற்குப் பிறகுதான் பூச்சிமருந்தைத் தொட்டியில் கலந்தேன். ஊறிய சருகு வாடையில் மருந்து வாடை தெரியவில்லை. மறுநாள் வந்து நின்றவர்களுக்குத் தொட்டியில் மீனே இல்லை என்பதும் தெரியவில்லை.

பாலகுரு பின்கட்டில் பில்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். டியூபை எடுத்தது செந்தமிழ். நான் எதிரே நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். காபி வாயில் இருந்தது.

மண்ணில் உருண்டு முதலில் அழுதவன் பாலகுரு. என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஆம்புலன்ஸில் அவள் கையை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். அப்போது உப்புக் கை என்று அவள் உதறவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்து மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "தொட்டில இருந்த மீனு எப்டிப்பா டிரம்முல நீஞ்சுது?" அதற்கு மேல் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. வாயில்லா ஜீவன்கள், அவை என்ன பாவம் செய்தன? ஒரு மீன்கூடச் சாகவில்லை, பாருங்கள்.

மருந்து அவனுக்கு வைத்தது, அவள் எடுத்துவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். அவன் உறிஞ்சியிருந்தால் செத்திருப்பானா என்று இப்போது கேட்கிறீர்கள்.

செத்திருக்க மாட்டான். அவன் கைதேர்ந்தவன். கண்ணாடி மாதிரி டியூபில் கறுப்புத் தண்ணீர் ஏறிவருவது நன்றாகத் தெரியும். பாதியிலேயே கட்டைவிரலால் அடைத்துக் கீழே இறக்கிவிடுவான். ஒருநாளும் அவன் உதட்டில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. செந்தமிழுக்குத்தான் அது கடைசிவரை கைவரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் விழுங்கிவிட்டு, இருமிக்கொண்டே சிரிப்பாள். அதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லா ஞாயிறும் அதைப் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும், நான் அவனுக்குத்தான் வைத்தேன் சார்.