மணற்காட்டிலை பன்னிரண்டு அம்பியர்

இரவு எட்டரை மணி இருக்கும். வல்லிபுரம் தாண்டி மணற்காட்டுக்குப் போற றோட்டிலை ஒரு வான் தனியப் போகுது. முன்னுக்கும் வெளிச்சமில்லை, பின்னுக்கும் வெளிச்சமில்லை. ரெண்டு பக்கமும் மணல்...

லைற்றை நூத்துப்போட்டுக் கிட்ட வாங்கோ. உரத்துச் சொல்லுற கதையில்லை இது.

அந்த வானை ஓடினவர் ஜெயதீபன். இணுவில் ஆள். என்ரை மச்சானோடை வீடு வீடாச் சோலார் பூட்டப் போறவர். பழைய வான் ஒண்டை வாங்கி, உள்ளுக்கை கட்டில் அடிச்சு, சின்னப் பிறிஜ், ஃபான் எல்லாம் பூட்டி வைச்சிருந்தார். கூரையிலை சோலார், கட்டிலுக்குக் கீழை பெரிய பற்றரி. வெளிநாட்டிலையிருந்து வாற ஆக்களுக்கு வாடகைக்கு விடுறதுதான் யோசினை. அதுக்கு முன்னம், வெளிக் கரண்ட் இல்லாமல் ஒரு இரவு தாக்குப்பிடிக்குதோ எண்டு தானே பாக்க வெளிக்கிட்டார்.

மனிசி தனுஷிகாவும் வந்தவா. அவவின்ரை தகப்பன் இராசநாயகமும் வந்தவர். சண்டிலிப்பாயிலை நாப்பது வருசம் புகையிலைக்குப் புகை போடுற குடிலிலை நிண்ட மனுசன். அந்தப் புகை நெஞ்சைத் திண்டுபோட்டுது. இரவிலை ஒட்சிசன் மெசின் இல்லாமல் படுக்க ஏலாது. "கடற்காத்து எனக்கும் நல்லது தம்பி, நானும் வாறன்" எண்டு ஒரே பிடி.

அந்த மெசின் சும்மா ஊதிக்கொண்டிருக்கிறதில்லை. மூக்கிலை ஒரு குழாய். மூச்சை உள்ளுக்கு இழுத்தால் ஒருக்கா... புஸ்... எண்டு விடும். அடுத்த தரம் இழுத்தால்தான் அடுத்த புஸ். இழுக்கேல்லையெண்டால் பேசாமல் கிடக்கும். மெசினுக்குள்ளை இருந்த பற்றரி செத்து மூண்டு மாசம். அதாலை வானின்ரை பற்றரிதான் அண்டைக்கு அந்த மனுசன்ரை மூச்சு.

சவுக்கம் மரங்களுக்குக் கிட்ட வானை விட்டினம். ஜெயதீபன் போனைப் பாத்தார். பற்றரியிலை எவ்வளவு கிடக்கு, எவ்வளவு போகுது எண்டு போனிலை காட்டும். பகல் முழுக்க மப்பு, வெயில் இல்லை. எழுபத்தெட்டு வீதம். மெசினுக்கு ஆறு அம்பியர், பிறிஜுக்கு ரெண்டு, ஃபானுக்கு ஒண்டு. மொத்தம் ஒன்பது. விடிய முப்பத்தெட்டு மிஞ்சும். காணும், தாராளம். இருந்தாலும் முப்பத்தைஞ்சுக்கு இறங்கினால் போன் அடிக்கிற மாதிரி வைச்சிட்டுத்தான் படுத்தார்.

ரெண்டு நாப்பதுக்குப் போன் அடிச்சுது.

முதல் அவருக்கு விளங்கேல்லை. அந்த நேரம் அம்பதுக்கு மேலை நிக்கவேணும். முப்பத்தைஞ்சு. ஒன்பது போகவேண்டிய இடத்திலை பதினைஞ்சு அம்பியர் போகுது.

பிறிஜை நிப்பாட்டினார். ஃபானை நிப்பாட்டினார். பன்னிரண்டு. பிறகு ஒவ்வொரு வயராக் கழட்டினார்... தண்ணிப் பம்பு, லைற், போன் சார்ஜர். அதே பன்னிரண்டு. இப்ப ஓடுறது மெசின் மட்டும். ஆறு எடுக்கிற மெசின் பன்னிரண்டு எடுக்குது.

இருபது வீதத்துக்கு வந்தால் பற்றரி தானா நிண்டுபோம். எத்தினை மணிக்கு நிக்கும் எண்டு கணக்குப் பாத்தார். அஞ்சு மணி. வெயில் வர அதுக்குப் பிறகும் கன நேரம்.

ஃபான் சத்தம் இல்லாமல் போனபிறகுதான் அது கேட்டுது.

மாமன்ரை நெஞ்சு மேலை எழும்புது... புஸ். நெஞ்சு கீழை இறங்குது...

புஸ்.

திரும்ப எழும்புது... புஸ். இறங்குது... புஸ்.

ஜெயதீபன் மாமன்ரை நெஞ்சிலை கையை வைச்சுப் பாத்தார். கைக்குக் கீழை ஒரு மூச்சு. மெசினிலை ரெண்டு.

மெசின்தான் பழுது எண்டு நினைச்சார். அப்பிடித்தானே நினைப்பம். மாமன்ரை மூக்கிலையிருந்து குழாயை மெல்லக் கழட்டி, நுனியை உள்ளங்கையிலை வைச்சார். ஒண்டும் இழுக்காட்டி மெசின் பேசாமல் நிக்கவேணும்.

புஸ்...

கொஞ்சம் பொறுத்து, புஸ்...

புஸ் வர முதல், ஒவ்வொரு தரமும், குழாய் அவரின்ரை உள்ளங்கைத் தோலை உள்ளுக்கு உறிஞ்சிச்சுது. குளிராய். சின்னதாய். ஒராள் மூச்சை இழுக்கிற மாதிரி.

வானுக்குள்ளை ஈரமண் மணம். கிணறு வெட்டேக்கை அடியிலையிருந்து வரும், அந்த மணம்.

மாமன் திணறத் தொடங்கிட்டார். ஜெயதீபன் குழாயைத் திரும்ப மூக்கிலை வைச்சிட்டுத் தனுஷிகாவை எழுப்பினார்.

"என்னப்பா?"

"எழும்பும். வெளிக்கிடுவம்."

அவா அவரின்ரை முகத்தைப் பாத்திட்டுச் செருப்பைத் தேடினவா.

இஞ்சின் ஸ்ராட் ஆச்சுது. பின் ரயர் ஒரு சுத்துச் சுத்திட்டு மணலுக்குள்ளை இறங்கிச்சுது. திரும்ப ஒரு சுத்து. இன்னும் கீழை. தனுஷிகா ரோச்சை வாயிலை கடிச்சுக்கொண்டு இறங்கி, கையாலை மணலைத் தோண்டி, கால் மிதிக்கிற பாய்களை ரயருக்குக் கீழை செருகினவா. பிறகு பின்னுக்கு நிண்டு தள்ளேக்கை, கண்ணாடிக்குள்ளாலை தகப்பனைப் பாத்தவா.

பாத்ததை அவா அப்ப சொல்லேல்லை. மூண்டாந்தரம் வான் மேலை ஏறிச்சுது. ஓடிவந்து ஏறி, கதவைச் சாத்தி, தார் றோட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னவா.

"அப்பா ஓரத்துக்கு ஒதுங்கிப் படுத்திருக்கிறார். கட்டிலிலை அரைவாசியை விட்டுட்டு."

ஜெயதீபன் திரும்பிப் பாக்கேல்லை. கண்ணை றோட்டிலை வைச்சுக்கொண்டு காதைப் பின்னுக்கு விட்டார். புஸ்... புஸ்... புஸ்... வல்லிபுரம் வரைக்கும் ரெண்டு பேர். நெல்லியடி கழியச் சத்தம் குறைஞ்சுது. ஒரு புஸ். பிறகு நல்ல இடைவெளி. பிறகு ஒரு புஸ்.

தனுஷிகா அப்பதான் அழுதவா.

புத்தூரிலை ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது. அஞ்சு மணி. பால் கொதிக்கிற மணம், ரேடியோவிலை தேவாரம், மூண்டு பேர் பேப்பர் பாத்துக்கொண்டு நிக்கினம். ஜெயதீபன் வானை ஓரமா விட்டார். இறங்கிப் போய் மூண்டு தேத்தண்ணி சொன்னார்.

மாமன் தானே எழும்பி, குழாயைக் கழட்டி வைச்சிட்டு இறங்கி வந்தார். முகம் நல்ல தெளிவு. கடைக்கு முன்னாலை கிடந்த வாங்கிலை குந்தி, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சார்.

"இரவு நல்லா நித்திரை கொண்டனியளோ மாமா?"

"எங்கை தம்பி. எனக்குப் பக்கத்திலை படுத்த அந்த மனுசிக்கு ஒரே இழுப்பு. மூக்கு, வாய் எல்லாம் மண். நான் ஒரு மூச்சு, அவ ஒரு மூச்சு எண்டு குழாயை மாறி மாறிக் குடுத்துக்கொண்டு கிடந்தன்."

ஜெயதீபனும் தனுஷிகாவும் ஒராளை ஒராள் பாத்தினம். கடைக்காரன் கிளாசுகளைக் கழுவிக்கொண்டு நிண்டவன். தனுஷிகாதான் மெல்லக் கேட்டவா.

"அவ எங்கையப்பா இறங்கினவா?"

மாமன் கிளாசை வைச்சார். எழும்பிப் போய், திறந்து கிடந்த வான் கதவைச் சத்தம் கேளாமல், கையாலை அமத்தி அமத்திச் சாத்தினார்.

"மெல்லக் கதை பிள்ளை... அவ இப்பதான் அயந்து நித்திரை."