ஐரீன் அம்மாவின் ஸ்விங் ரேடியோ

ராத்திரி பத்தரை மணி. மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்கு ரோடு பிரியற ஒரு பிரிவு. கடைசி பஸ்ஸுல இருந்து எறங்குனது ஒரே ஒரு பொம்பள... பேரு சௌந்திரம். என் நாத்தனார் ஊட்டுக்காரருக்குச் சொந்த அக்கா. பிரவீனா, அந்த ஃபோன் லைட்ட அமத்து சாமி. கரண்டு வர்றப்ப வரட்டும்.

அந்தக்கா சூரமங்கலத்துல, படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கற வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. ஐரீன்னு ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா. ரயில்வேல கார்டா இருந்தவரு சம்சாரம். எண்பது தாண்டிருச்சு, ரெண்டு காலும் விளங்காது. தூக்கி உக்கார வைக்கறது, தொடைச்சு உடறது, எல்லாம் அக்காதான்.

அந்தம்மாளுக்கு ஒரே தொணை ரேடியோ. மகன் ஆஸ்திரேலியால இருந்து வாங்கியாந்தது. பிளக்குல சொருகோணும், வைஃபை இருக்கோணும், அப்பத்தான் பாடும். ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன்... பொழுதன்னிக்கும் பழைய பேண்டு. ட்ரம்பெட்டு, கிளாரினெட்டு, அடியில ஒரு பெரிய கம்பி வாத்தியம் தும்... தும்... தும்னு நடந்துக்கிட்டே இருக்கும்.

"இது ஸ்விங், சௌந்திரம்"னு அந்தம்மா சொல்லும்.

"ஸ்விங்குன்னா தூரி, ஊஞ்சலுதானுங்களே அம்மா?"ன்னு அக்கா கேக்கும்.

அந்தம்மா சிரிச்சுப்போட்டு, "ஒரே ஒரு டான்ஸ் என்னோட ஆடேன்"ங்கும். தெனமும் கேக்கும். அக்காவுக்கு இடுப்பு உட்டுப்போயிருக்கும். "நாளைக்குங்கம்மா"ன்னுரும்.

அந்தம்மா செத்துப்போச்சு. அடக்கத்துக்கு வந்த மகன், ரேடியோவ எடுத்து அக்கா கையில குடுத்தாரு. வேண்டாம்னு சொல்லக்கூடத் தெம்பில்ல. ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல. பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிருச்சு.

பிரிவுல இருந்து ஊட்டுக்கு ரெண்டு மைலு. ஊட்டுக்காரரு போர் போடற ரிக்கு லாரில சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தாரு, கூட்டிட்டுப் போக ஆளில்ல. மழை பேஞ்சு உட்டிருந்துச்சு. செம்மண்ணுச் சேறு, ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. காத்தே இல்ல. அக்கா கால இழுத்து இழுத்து நடக்குது...

தும்... தும்... தும்...

பைக்குள்ள இருந்து.

அக்கா நின்னுச்சு. ரேடியோவ வெளிய எடுத்துச்சு. ஒயரு தொங்குது. லைட்டு எரியல. ஆனா ட்ரம்பெட்டு கேக்குது... ஈர மண்ணு வாசத்தோட, அந்தம்மா போடற லாவெண்டர் பவுடர் வாசம்.

அப்புறம் ஒரு கை. வலது கைய வந்து புடிச்சுது. சில்லுன்னு. இன்னொன்னு தோள் மேல. வருசக்கணக்கா அந்தம்மாளத் தூக்குன தோளு... அந்தக் கனம் அதுக்குத் தெரியாதா?

ஓடிரலாம்னு தோணுச்சாம். ஓடறதுக்குக் காலு இருந்தாத்தானே. அழுதுபோடுச்சு. "அம்மா... என்னால முடியலீங்க. நாளைக்குங்கம்மா..."

பாட்டு நிக்கல. புடிச்ச கை உடல. மெதுவா ஒரு இழுப்பு.

ஆடிக்கிட்டே போச்சுங்கறேன். ரெண்டடி வெக்கும், ஒரு சுத்து சுத்தும், மறுக்கா ரெண்டடி. எதுக்க ஆளில்ல. "பயத்தவிட அலுப்புதான் சாஸ்தி. யாரு இழுத்துட்டுப் போனா என்ன, ஊடு போய்ச் சேந்தாச் செரின்னு இருந்துச்சு"ன்னு பின்னால ஒருக்கா சொல்லுச்சு.

வாசல்ல கால வெச்சதும் பாட்டு நின்னுபோச்சு. மக அபிநயா கதவத் தொறந்தா. அம்மா மட்டுந்தான் நின்னுது.

"ஏம்மா இத்தன நேரம்? யாரு கூட சிரிச்சுப் பேசிட்டு வந்த?"

வழியில அக்கா ஒருக்காக்கூடச் சிரிக்கல. ரேடியோவக் கீழ வெச்சுட்டு அப்படியே பாயில விழுந்துருச்சு.

விடிஞ்சு அபிநயா வாசலக் கூட்டப் போனா. சேத்துல வட்டம் வட்டமா தடம். அம்மாவோட ரப்பர் செருப்பு. அதுக்கு எதுத்தாப்ல, மொகத்துக்கு மொகமா... குதிகாலு ஒசந்த பொம்பளச் செருப்பு. மண்ணக் குத்திக் குத்தி.

ரெண்டும் சேந்தே வாசப்படி வரைக்கும் வந்திருக்கு.

அந்தக் குதிச் செருப்பு திரும்பிப் போனதுக்குத்தான்... தடமே இல்ல.