மண்ணாய்ப் போன தேர்

அகழாய்வு நாட்களில் காலையில் எழுந்ததும் மண் கீற மூங்கில் குச்சி சீவுவேன். பிறகு தினைக்கஞ்சி, உப்பிட்ட முள்ளங்கி. குச்சிகளையும் தூரிகைகளையும் துணியில் சுருட்டிக்கொண்டு குழிக்குப் போவேன். இங்கே காவலில் கத்தி தருவதில்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டுக் குளிர்காலம் முழுக்க ஹெனான் மாகாணத்தில் பழைய சீன அரசர் காலத்துத் தேர் ஒன்றைத் தோண்டினோம். மரம் எப்போதோ மக்கிவிட்டது. அது இருந்த இடத்தில் மண்ணின் நிறம் மட்டும் வேறு. விரல் அழுந்தினால் உதிரும். அந்த மண்ணிலிருந்து ஒரு முழுச் சக்கரத்தைப் பிரித்தெடுத்தவன் நான். என் மனைவி வென்யிங் அதைப் படம் வரைந்தாள்.

"என்ன தேரோட்டி, குதிரை கிடைச்சுதா? இல்ல நானே இழுக்கணுமா?" என்று கேட்டபடி ஒரு நாள் குழிக்குள் இறங்கி, சுவரோரம் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

குழியின் மண்சுவருக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையின் அடி சக்கரத்தின் ஓர் ஆரக்காலை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டையைப் பிடித்தேன்.

"வெயில் ஏறுது. உறைஞ்ச சுவர் இளகும். எடுக்காத" என்றாள்.

எடுத்தேன். சுவர் அவள்மேல் சரிந்தது. ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. விரல்கள் அசைந்தன.

கோ என்ற வயதான கூலியாள் மண்வெட்டியோடு குதிக்க வந்தார். குதித்தால் சக்கரத்தின்மேல்தான் கால் விழும். கையிலிருந்த கட்டையால் அவர் முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிவது கேட்டது.

"பைத்தியமாய்யா உனக்கு? உள்ள கிடக்கிறது உன் பொண்டாட்டி!"

கட்டையைப் பார்த்து மற்றவர்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். அகழும்போது உடலருகே மண்வெட்டி கூடாது என்பது விதி. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

துணியைப் பிரித்தேன். குச்சியால் கீறி, தூரிகையால் தள்ளி, மணிக்கட்டிலிருந்து முறையாக மேலேறினேன். முழங்கைக்கு வரும்போது விரல்கள் அசைவது நின்றது. முகத்துக்கு வரும்போது வாய் நிறைய மண். அதையும் தூரிகையால்தான் எடுத்தேன். கன்னத்தில் ஒரு கீறல் விழவில்லை. அதைவிடப் பத்திரமாக யாரும் அவளை எடுத்திருக்க முடியாது.

கோ புகார் கொடுத்திருக்கிறார். முறிந்த காலுக்காக என்று நினைத்தேன். வென்யிங்குக்காகவாம்.

சக்கரம் இப்போது கண்காட்சியில் இருக்கிறது. பக்கத்தில் அவள் படம். அதன் கீழே அவளுடைய கடைசி வார்த்தை என்று எழுதியிருக்கிறார்கள்: "தேரைப் பாத்துக்கோ." அதை அவர்களிடம் சொன்னவன் நான்.

அதிகாரியே, நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மணிக்கட்டைச் சுற்றிக் கீறிக்கொண்டிருந்தபோது மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது.

"குச்சி வேணாம். மண்வெட்டிய எடு."