வெள்ளிக்கிழமைக்கு ஒரு புத்தகம்

அது வேணாம் மஷூர் நானா, உள்ள வைங்க. அட்ட நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள பாத்துட்டேன், காத்தே ஆகாரம்னு ஒரு பாடம் வருது. அது இருக்கிற எதையும் இனி தேயிலத் தோட்டத்துக்குக் கொண்டு போகமாட்டேன்.

ஒங்க கடைய கொற சொல்லல. இந்தியாவுல இருந்து புஸ்தகம் வாறது நின்னுபோச்சு, பழச வாங்கி விக்கிறத தவிர ஒங்களுக்கும் என்னா வழி? சரி, அந்தப் பச்ச அட்டைய எடுங்க. குண்டலினி. இது போன வருசமே எங்க வாசிப்புக் கூட்டத்துல படிச்சாச்சு நானா. வேலுசாமி அண்ணனுக்கு முதுகு புடிச்சிக்கிட்டதுதான் மிச்சம். பாம்பு ஏறுதுன்னு அவரு சொல்றாரு, அவரு பொஞ்சாதி தைலம் தேய்க்குது.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சோம்.

ஆமா, கூட்டம் வெள்ளிக்கிழமதான். கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல, கொழுந்து நிறுத்து முடிச்ச பொறகு. தொடங்கி வச்சது உருத்திரமூர்த்தி கிளாக்கரையா. யாழ்ப்பாணத்துக்காரரு, இங்கயும் வந்திருப்பாரே. தோட்டத்த அரசாங்கம் எடுத்தோடன ஊருக்குப் போயிட்டாரு. எழுத்துக்கூட்டாம படிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான், அதனால புஸ்தகம் எடுக்கிற வேல என் தலையில. ஆனா அவரு வச்ச சட்டம் அப்பிடியேதான் இருக்கு. படிச்சத ஒரு வாரம் வீட்டுல செஞ்சி பாக்கணும். அடுத்த வெள்ளி எந்திரிச்சி நின்னு என்னா நடந்திச்சின்னு சொல்லணும். சும்மா கேட்டுட்டுப் போக ஏலாது.

அட, ஒங்க வீட்டுல றஸ்மியா அக்கா எதுக்கு பிளேன்டீ எல்லாம்? கடிச்சிக்க கித்துள் ஹக்குரு, வெல்லக்கட்டி வேற வச்சிருக்காங்க. சீனியே காணாத நாள்ல.

எந்த மாதிரி வேணும்னா... சித்தர்மாரு சாப்பிட்டாங்கன்னு போட்ட புஸ்தகம் இருக்கா நானா? சோறு, கெழங்கு, என்னாவாச்சும். தவத்துல இருந்து எந்திரிச்சி வந்து பசிக்குதுன்னு கேட்டாங்கன்னு. தேடிப் பாருங்க. அச்சுல இருக்கணும். நான் வாயால சொன்னா ஏறாது.

மாசி மாசம் படிச்சது ஒரு மூச்சு புஸ்தகம். ஒரு மூக்க அடைச்சி, மறு மூக்கால இழுத்து, உள்ள நிப்பாட்டுனா பசி அடங்கும்னு இருந்திச்சு. எல்லாரும் ஆசயா கேட்டாங்க. கேக்க மாட்டாங்களா? வாரத்துல பாதி நாள் வேல இல்ல, கூப்பன் மாவையும் கொறைச்சிட்டாங்க, வெளிய போயி கொஞ்சம் அரிசி கொண்டு வந்தா பொலிஸ்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி புடுங்கிக்கிறாங்க. அடுத்த வெள்ளி ஒவ்வொருத்தரா எந்திரிச்சி எனக்கு ஏலல, எனக்கு ஏலலன்னாங்க. எங்க வீட்டுக்காரி மூக்காயி மட்டும் எந்திரிச்சி, எனக்குப் பசியே வரலன்னா.

வாரா வாரம் அதேதான். கண்ணுக்குள்ள வெளிச்சம் தெரியுதுன்னா. புஸ்தகத்துலயும் அப்பிடித்தான் போட்டிருந்திச்சு. காதுல மணிச் சத்தம் கேக்குதுன்னா. அதுவும் போட்டிருந்திச்சு. நான் பக்கத்த தேடி எடுத்து எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டுனேன். வேலுசாமி அண்ணன் அவ கால்ல விழுந்தாரு.

வீட்டுல ரொட்டி சுட்டா தன் பங்கப் பிச்சி எனக்கும் மகளுக்கும் போட்டுட்டு, சுவத்துப் பக்கமா திரும்பி ஒக்காந்து மூக்கப் பிடிச்சிக்குவா. நானும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்திச்சு.

இல்ல நானா, இப்ப இல்ல. ஆனி மாசம் மலையில கூடையோட விழுந்துட்டா. மருந்து குடுக்கிற டிஸ்பென்சரையா வயித்த அமுக்கிப் பாத்தாரு. அடக்கம் பண்ணி முடிஞ்சிருச்சு. கூட்டத்துல, அவ சமாதி ஆயிட்டாங்குறாங்க. அவ ஒக்காந்த எடத்துல வெளக்கு வைக்கிறாங்க. அந்தப் புஸ்தகத்தோட ரெண்டாம் பாகம் இருந்தா கொண்டு வாங்கன்னு அனுப்பியிருக்காங்க.

அந்தச் செவப்பு அட்ட என்னா? குடுங்க. ம்... பால், பழம், பச்சரிசிச் சோறு. நல்லா பெரிய எழுத்துல சோறுன்னே போட்டிருக்கு. காத்து ஆகாரம் ஒரே ஒரு தாள்லதான் வருது. இது போதும்.

மகளுக்குத்தான் நானா. பத்மாசனி, கிளாக்கரையா வச்ச பேரு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா தட்ட தள்ளி வச்சிட்டு அவ அம்மா மாதிரியே சுவத்துப் பக்கமா ஒக்காந்துக்கிறா. பசிக்கலப்பாங்குறா. ஏசியும் பாத்தேன், ஊட்டியும் பாத்தேன். அம்மாவுக்கு நீங்க புஸ்தகத்துல இருந்துதானே படிச்சிக் காட்டுனீங்கங்குறா. வெள்ளிக்கிழம எல்லாருக்கும் முன்னால வந்து ஒக்காருறது அவதான்.

சவர பிளேடு ஒண்ணு இருந்தா குடுங்க. அந்த ஒரு தாள ஓரமா வெட்டுனா தெரியாது. ம். வந்திருச்சு.

டீ குடிச்சிட்டேன், அக்காகிட்ட சொல்லுங்க. தாள எறிஞ்சிராதீங்க, இங்க குடுங்க. ஹக்குருவ இதுல சுத்திக்கிறேன். பஸ்ஸு திரும்பிருச்சா பாருங்க.