ஹெடரைப் பாருங்கள் என்றேன்

எனக்குக் குப்பை மெயில்கள் மேல் கோபமே கிடையாது சார். ஏமாற்ற வருகிறவன் ஏமாற்றத்தான் பார்ப்பான். படியுங்கள் என்று சொன்னாலும் படிக்காதவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

அட்டைப்பெட்டி ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்ந்த நாளிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையே சொல்லி வந்தேன். மெயிலில் தெரியும் பெயரை நம்பாதீர்கள், அதில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம்; மெயிலுக்குள் மறைந்திருக்கும் ஹெடரைத் திறந்து பாருங்கள். எந்தச் சர்வரிலிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது, அனுப்பிய நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா, எல்லாம் அதில் இருக்கிறது. கூட்டம் போட்டுச் சொன்னேன். மேனேஜர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவு அக்கா, "இதெல்லாம் எங்களுக்கு எதுக்குப்பா, அதான் நீ இருக்கியே" என்று கொட்டாவி விட்டார்.

பாய்லர் ஃபோர்மேன் இன்னும் மோசம். நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் என் அறை வாசலில் வந்து நிற்பார். "தம்பி, இது நெசமா, டூப்பா?" பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பேன். தலையாட்டுவார். மறுநாள் அதே கேள்வி. நான் லீவில் இருந்த ஒருநாள் போலி மெயில் ஒன்றைத் திறந்துவிட்டார். ஆபீஸ் முழுக்க கம்ப்யூட்டர்கள் முடங்கின. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கிழித்தார். ஃபோர்மேன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மெயில். பாய்லரின் பாதுகாப்பு வால்வைச் செய்தவர்கள் அனுப்பியது. அழுத்தம் ஏறும்போது அந்த வகை வால்வு திறக்காமல் சிக்கிக்கொள்கிறது, மாற்றும்வரை பாய்லரை நிறுத்தி வையுங்கள் என்றிருந்தது. எங்கள் மெயில் வடிகட்டி அதைக் குப்பை மெயில்களோடு தள்ளியிருந்தது. ஃபோர்மேன் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"தம்பி, கொஞ்சம் பாத்துச் சொல்லு. நெசம்னா உடனே நிறுத்தணும்."

ஹெடரைத் திறந்தேன். கிளம்பிய சர்வர் அவர்களுடையது. பதில் போகும் முகவரி அவர்களுடையது. கையொப்பம் பொருந்தியது. சந்தேகத்துக்கே இடமில்லை.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி. அத்தனை சொல்லிக்கொடுத்த பிறகும்.

"டூப்புதான். தூக்கிப் போடுங்க."

"அப்பாடா, வயித்துல பால வார்த்த" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் போன் செய்வார்கள், ஃபோர்மேன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன் எனச் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அப்படி நினைக்கவில்லை. வால்வு சிக்கினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் பாய்லர் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

பாய்லர் வெடித்தபோது ஃபோர்மேனும் அவரோடு வேலை செய்த இருவரும் உள்ளே இருந்தார்கள்.

ஆலை மறுபடி திறந்ததும் எல்லோருக்கும் ஒரு பாடம் அனுப்பினேன், உண்மையான மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. உதாரணத்துக்கு அந்த மெயிலின் ஹெடரையே போட்டு, வரிவரியாக விளக்கினேன். அவ்வளவு சுத்தமான ஹெடர் வேறு கைவசம் இல்லை. வெடிப்புக்கு முன்பே அது வந்து சேர்ந்த தேதியும் அதிலேயே இருந்தது. ஆலையில் ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. விசாரிக்க வந்த நீங்கள்தான் சார் கடைசி வரிவரை படித்தீர்கள். அவரும் இப்படிப் படித்திருந்தால், நான் அவரைக் கொல்ல வேண்டியே வந்திருக்காது.